வளியும் வலியும்: புரதத்தின் உருவமும் குருதியின் நோயும்

முன்னுரை

தமிழில் ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதை நாம் தொடக்கப் பள்ளியிலேயே கற்கிறோம். வளி என்றால் காற்று. வலி என்றால் நோவு. இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் வேறுபாடு ளகர லகர வேறுபாடு மட்டுமே. நா மடங்கும் முறை சற்றே மாறினால் காற்று நோவாகிவிடுகிறது. மொழியில் காணும் இவ்வியல்பு மனித உடலிலும் உண்டு. உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஒரு புரதத்தில் ஓர் எழுத்துப் போன்ற சிறு கூறு மாறியதால், அப்புரதத்தின் உருவம் மாறி, அதனைத் தாங்கிய செல்லின் போக்கு மாறி, வாழ்நாள் முழுதும் வலி தரும் நோய் ஒன்று தோன்றியுள்ளது. அந்நோய் அரிவாள் அணு இரத்தச் சோகை எனப்படும்.

இது அறிவியல் துறையினர்க்குப் பாடநூற் செய்தி. தமிழ் பயிலும் மாணவர்க்கும், ஊர்ப் பெரியோர்க்கும் இது ஏன் தேவை என்ற வினா எழலாம். இந்நோய் நம் தமிழகத்து மலைகளில் வாழ்வோரிடையே உள்ளது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது. எனவே இது மருத்துவமனைக்குள் மட்டும் பேசி முடிக்கத்தக்க செய்தியன்று. பெண் பார்க்கும் வீட்டிலும், மணம் பேசும் சபையிலும் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும். நாட்றாம்பாளையம், அஞ்செட்டி முதலிய கருநாடக எல்லையோர மலையூர்களில் வாழும் நமக்கு இவ்வறிவு பெரிதும் பயன்படும் என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

புரதம் என்பது யாது?

புரதம் என்றவுடன் பருப்பும் முட்டையும் இறைச்சியும் நினைவிற்கு வருகின்றன. உண்ணும் புரதம் வேறு, உடலில் தொழில் செய்யும் புரதம் வேறு எனக் கருதுவோர் உளர். உண்மையில் நாம் உண்ட புரதத்தை உடல் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, அக்கூறுகளைக் கொண்டே தனக்கு வேண்டிய புரதங்களை மீண்டும் கட்டிக்கொள்கிறது. அக்கூறுகளுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர். அவை 20 வகைப்படும். தமிழின் முதலெழுத்துகள் 30. அவற்றைக் கொண்டே நாம் அளவிறந்த சொற்களை ஆக்குகிறோம். அதுபோல 20 அமினோ அமிலங்களைக் கொண்டு உடல் பல்லாயிரம் புரதங்களை ஆக்குகிறது. எந்த அமிலத்தை அடுத்து எந்த அமிலம் வரவேண்டும் என்ற கட்டளை மரபணுவில் பொறிக்கப்பட்டுள்ளது.

எழுத்துகளை வரிசையாகக் கோத்தால் சொல் முடிந்துவிடும். புரதமோ அவ்வாறு முடிவதில்லை. கோத்த மாலை தானே சுருண்டு, மடிந்து, ஒரு குறிப்பிட்ட உருவத்தை அடைந்த பின்னரே அது தொழில் செய்யும். இம்மடிப்பிற்குக் காரணம் யாதெனின், அமினோ அமிலங்களுள் சில நீரை விரும்புவன. சில எண்ணெயைப் போல நீரை வெறுப்பன. உடலில் எங்கும் நீர் உள்ளமையால், நீரை வெறுப்பன உட்புறம் ஒதுங்க, நீரை விரும்புவன வெளிப்புறம் நிற்கின்றன. இவ்வாறு மாலை முழுவதும் ஒரு பந்து போலவோ, முறுக்கிய கயிறு போலவோ அமைகிறது. அமிலங்களின் வரிசையே புரதத்தின் உருவத்தை உறுதி செய்கிறது என்பதை மெய்ப்பித்த அமெரிக்க அறிஞர் கிறிஸ்டியன் ஆன்பின்சன் 1972ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

உருவம் குலைந்தால் தொழில் குலையும் என்பதற்குச் சான்று நம் அடுக்களையிலேயே உள்ளது. முட்டையின் வெண்கரு நீர்போல் தெளிந்திருப்பது. சூடு பட்டதும் வெளுத்துக் கட்டியாகிறது. அதில் புதிதாக எதுவும் சேரவுமில்லை, எதுவும் நீங்கவுமில்லை. வெப்பத்தால் புரதங்களின் மடிப்பு அவிழ்ந்து, அவிழ்ந்தவை ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன, அவ்வளவே. ஒருமுறை வெந்த முட்டையை மீண்டும் பச்சை முட்டையாக்க எந்தச் சமையலறையாலும் இயலாது.

சென்னை தந்த கொடை

புரதத்தின் உருவத்தை ஆராயும் துறைக்குத் தமிழகம் வழங்கிய கொடை பெரிது. அதனை நம் மாணவர் பலர் அறியார். 1952ஆம் ஆண்டில், தமது 30ஆம் அகவை நிறையும் முன்பே, கோ. நா. இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அவருக்குத் துணை நின்றார். இராமச்சந்திரன் தம் ஆய்வுக்குத் தேர்ந்துகொண்ட பொருள் கொலாஜன் என்னும் புரதம். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றிற்கு உறுதி தருவது இதுவே.

இப்புரதத்தோடு நம் சமுதாயத்தார்க்கு நெருங்கிய தொடர்பு உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஊர்களின் தோல் பதனிடும் தொழில் முழுவதும் கொலாஜனைப் பற்றிய தொழிலே. பச்சைத் தோலை ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் சாற்றில் ஊறவைக்கும்போது, அச்சாற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. பிணைந்த இழை அழுகுவதில்லை; எளிதில் சுருங்குவதுமில்லை. ஆட்டுக்கால் பாயாவை நெடுநேரம் வேகவைத்து ஆறவிட்டால் அது கூழ்போல் உறைவதும் இக்கொலாஜனின் செயலே. அங்கே முறுக்கிய இழைகள் வெப்பத்தால் அவிழ்ந்துவிடுகின்றன. தோல் பதனிடுவோர் புரதத்தின் உருவத்தைக் காக்கின்றனர்; பாயா சமைப்போர் அதனைக் குலைக்கின்றனர். இரு சாராரும் அறிவியற் பெயர் அறியாமலே அவ்வறிவைக் கையில் வைத்திருந்தனர்.

1948இல் சென்னையில் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பல்கலைக்கழகத்தின் அண்டையிலேயே இருந்தது இராமச்சந்திரனுக்கு வாய்ப்பாயிற்று. அவர் கங்காரு வாலின் தசைநாணில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறி விழும் கோலத்தைப் படம் பிடித்தார். அதிலிருந்து, கொலாஜன் மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிய கயிறு போன்றது என்பதை அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954ஆம் ஆண்டு நேச்சர் என்னும் ஆய்விதழில் வெளியிட்டனர். மூன்று இழைகளும் நெருங்கிக் கூடும் நடுப்பகுதியில் இடம் மிகக் குறுகியது. ஆதலால் ஒவ்வோர் இழையிலும் மூன்றாம் இடந்தோறும் அமிலங்களுள் மிகச் சிறிய கிளைசின் வந்தாக வேண்டும். அவ்விடத்தில் வேறொரு பெரிய அமிலம் வந்து அமர்ந்தால் முறுக்கு நெகிழும். அவ்வாறு நெகிழ்ந்த குழந்தைகளுக்குச் சிறு அதிர்ச்சியிலும் எலும்பு முறிகிறது. வைட்டமின் சி குறைந்தால் பல்லீறு வீங்கிக் குருதி கசிவதும் இம்முறுக்கோடு தொடர்புடையதே. முறுக்கை இறுக்கும் வேதிமாற்றத்திற்கு அவ்வைட்டமின் தேவைப்படுகிறது. நெல்லிக்கனியும் எலுமிச்சையும் ஏன் மருந்தாயின என்பது இதனால் விளங்கும்.

பின்னர் 1963இல் இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும், ஒரு புரத மாலை எந்தெந்தக் கோணங்களில் வளையலாம், எவற்றில் வளைய இயலாது என்பதைக் கணக்கிட்டு ஒரு வரைபடம் வெளியிட்டனர். உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் என வழங்கும் அது, புதிதாகக் கண்டறியப்படும் புரத உருவம் ஏற்புடையதா என்பதைச் சோதிக்கும் உரைகல்லாக இன்றும் விளங்குகிறது. புரத உருவங்களைக் கணினி வழியே முன்னறிந்து கூறியமைக்காகவும், புதிய புரதங்களை வடிவமைத்தமைக்காகவும் 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அத்துறையின் அடித்தளக் கற்களுள் ஒன்று சென்னையில் நடப்பட்டது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

உயிர்வளி சுமக்கும் புரதம்

இனிக் குருதிக்கு வருவோம். குருதியின் சிவப்பணு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நிறைந்துள்ளன. ஒரு மூலக்கூறு என்பது நான்கு மாலைகள் மடிந்து கூடிய தொகுதி. ஆல்பா மாலைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் 141 அமினோ அமிலங்கள். பீட்டா மாலைகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 146. ஒவ்வொரு மாலையின் மடிப்பிலும் இரும்பு கொண்ட சிறு கூறு ஒன்று அமர்ந்துள்ளது. உயிர்வளி அதன்மீது வந்து ஏறிக்கொள்கிறது. இவ்வுருவத்தைக் கண்டறிந்தவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய மாக்ஸ் பெரூட்ஸ். இதற்காக அவர் 1962இல் ஜான் கெண்ட்ரூவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஹீமோகுளோபின் கல்லில் செதுக்கிய சிலை போல ஒரே உருவில் நிற்பதன்று. நுரையீரலில் உயிர்வளி ஏறும்போது அதன் நான்கு மாலைகளும் சற்றே திரும்பித் தளர்ந்த நிலையை அடைகின்றன. முதல் மாலையில் வளி ஏறியதும் ஏனையவற்றில் ஏறுவது எளிதாகிறது. உழைக்கும் தசைக்குச் சென்று வளியை இறக்கியதும் மீண்டும் இறுகிய நிலைக்குத் திரும்புகிறது. மனிதன் மூச்சு விடுவது போலவே இம்மூலக்கூறும் ஏறி இறங்குகிறது எனலாம். எனவே புரதத்தின் உருவம் மாறுவது எல்லாமே நோயன்று. உரிய இடத்தில் உரிய அளவில் மாறுவது வாழ்வு. முறை தவறி மாறுவதே நோய். இவ்வேறுபாட்டை மாணவர் மனத்தில் கொள்ளுதல் வேண்டும்.

ஓரெழுத்துப் பிழை

1910ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கரீபியக் கடலிலுள்ள கிரெனடா தீவிலிருந்து கல்வி பயில வந்த இளைஞர் ஒருவரின் குருதியை நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்களிற் பல நீண்டு வளைந்து அரிவாள் போல் தோன்றின. காரணம் அக்காலத்தில் விளங்கவில்லை.

1949இல் லைனஸ் பாலிங்கும் அவர்தம் குழுவினரும் இந்நோயாளரின் ஹீமோகுளோபினையும் நலமுடையோரின் ஹீமோகுளோபினையும் மின்புலத்தில் ஓடவிட்டனர். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சென்றன. பிழை இருப்பது செல்லிலன்று, செல்லினுள்ளே உள்ள மூலக்கூறில் என்பது அதனால் தெளிவாயிற்று. இதனை அவர்கள் மூலக்கூறு நோய் என்று அழைத்தனர். 1956, 1957ஆம் ஆண்டுகளில் வெர்னன் இங்கிராம் அப்பிழையின் இடத்தையே சுட்டிக்காட்டினார். பீட்டா மாலையின் 146 அமிலங்களுள் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். நோயாளரிடத்தில் அங்கே வாலைன் இருந்தது. ஏனைய 145 இடங்களும் பிழையின்றி அமைந்திருந்தன.

குளுட்டாமிக் அமிலம் நீரை விரும்புவது. வாலைன் நீரை வெறுப்பது. நீரை வெறுக்கும் வாலைன் மூலக்கூறின் வெளிப்புறத்தில் ஒரு பொத்தான் போல் துருத்தி நிற்கிறது. உயிர்வளி ஏறியிருக்கும்வரை இதனால் பெருந்தீங்கு இல்லை. வளி இறங்கி மூலக்கூறு இறுகிய நிலையை அடையும்போது, அதன் உடலில் ஒரு சிறு பள்ளம் வெளிப்படுகிறது. சட்டையின் பொத்தான் காஜாவில் மாட்டிக்கொள்வது போல, ஒரு மூலக்கூறின் வாலைன் அடுத்த மூலக்கூறின் பள்ளத்தில் பொருந்திக்கொள்கிறது. அதன் வாலைன் அதற்கடுத்ததில் பொருந்துகிறது. இவ்வாறு கோடிக்கணக்கான மூலக்கூறுகள் பிணைந்து விறைத்த நீண்ட இழைகளாகி, சிவப்பணுவை உள்ளிருந்து நெம்பி, அரிவாள் வடிவாக்கிவிடுகின்றன.

செல்லின் போக்கு மாறுதல்

நலமுள்ள சிவப்பணு மிகவும் நெகிழ்வானது. தன்னினும் குறுகிய நுண்குழாய்க்குள் வளைந்து நெளிந்து நுழைந்து வெளிவரவல்லது. ஏறத்தாழ 120 நாள் உழைத்தபின் மறைவது. இழைகளால் விறைத்த அணு இவ்வாறு வளைய மாட்டாது. அது குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. பின்வரும் அணுக்களையும் தடுக்கிறது. வழி அடைபட்ட இடத்திற்கு உயிர்வளி செல்வதில்லை. வளி குறையக் குறைய மேலும் பல அணுக்கள் அரிவாளாகின்றன. வளி சென்று சேராத இடத்தில் வலி வந்து சேர்கிறது.

இவ்வலி சாதாரணமானதன்று. எலும்பு, மார்பு, வயிறு ஆகியவற்றில் திடீரெனத் தோன்றி நாட்கணக்கில் நீடிக்கும். கைக்குழந்தைகளுக்குக் கைகளும் பாதங்களும் வீங்கும். விறைத்த அணுக்கள் 10 முதல் 20 நாட்களுக்குள் சிதைந்து விடுவதால் சோகையும் மஞ்சட்காமாலையும் தோன்றும். மண்ணீரல் கெடுவதால் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குன்றும். சிலருக்கு இளமையிலேயே பக்கவாதமும் நேரும். ஓர் அமிலத்தின் இடமாற்றம் இத்தனை உறுப்புகளையும் தாக்குகிறது.

பிறந்த குழந்தைக்கு முதற்சில மாதங்கள் இந்நோய் வெளிப்படுவதில்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் ஹீமோகுளோபினில் பீட்டா மாலைக்கு மாற்றாகக் காமா என்னும் வேறொரு மாலை உள்ளது. அது இழையாகப் பிணைவதைத் தடுக்கிறது. பிறந்தபின் காமா குறைந்து பீட்டா மிகும்போது நோய் தலைகாட்டும். இச்செய்தி பின்னர் மருத்துவத்திற்கு வழிகாட்டியது.

நீலகிரியில் கண்ட உண்மை

1952ஆம் ஆண்டுவரை இந்நோய்க்கூறு ஆப்பிரிக்க மரபினரைச் சார்ந்தது என்றே பலர் கருதி வந்தனர். அவ்வாண்டில் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் நம் நீலகிரி மலைவாழ் மக்களின் குருதியை ஆய்ந்து, அரிவாள் அணுக்கூறு அங்கே இருப்பதை வெளியிட்டனர். இருளர், குறும்பர், பணியர் ஆகியோர் அவ்வாய்வில் இடம்பெற்றவருள் அடங்குவர். அதே ஆண்டில் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையேயும் இக்கூறு அறியப்பட்டது. அதன்பின் நடுவிந்தியா முழுவதும் இது பரவியிருப்பது தெரியவந்தது.

காடு சார்ந்த மக்களிடையே இது மிக்கிருப்பதற்குக் காரணம் கொசுவும் மலேரியாவும் ஆகும். பெற்றோர் இருவருள் ஒருவரிடமிருந்து மட்டும் இக்கூறு பெற்றவர்க்குப் பொதுவாக நோய் தோன்றுவதில்லை. அதுமட்டுமன்றி, உயிரைப் பறிக்கும் கடும் மலேரியாவிலிருந்து அவர்க்கு ஓரளவு காப்பும் கிடைக்கிறது. இதனை 1954இல் ஆந்தனி அல்லிசன் கிழக்காப்பிரிக்காவில் கண்டறிந்தார். மலேரியா மிகுந்த காடுகளில் இக்கூறுடையோர் பிழைத்து மக்களைப் பெற்றனர். கூறும் தலைமுறைதோறும் நிலைத்தது. ஆகவே இது எவருடைய பாவத்தின் பயனுமன்று, எக்குலத்தின் இழிவுமன்று. முன்னோர் உயிர் பிழைத்த வரலாற்றின் அடையாளமே இது.

இந்தியாவில் காணப்படும் இக்கூறின் மரபுப் பின்னணியும் அரபு நாட்டின் கிழக்குப் பகுதியில் காணப்படுவதும் ஒன்றே என்று மரபியலார் காட்டியுள்ளனர். இந்நோய் ஒரு மலைக்கோ ஒரு சமயத்தார்க்கோ மட்டும் உரியதன்று என்பதற்கு இதுவே சான்று.

வழிவழி வருதல்

ஒவ்வொரு பிள்ளையும் பீட்டா மாலைக்குரிய மரபணுவைத் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாகப் பெறுகிறது. ஒன்று மட்டும் மாறியிருந்தால் அவரைக் கடத்தி என்பர். அவர் நோயாளரல்லர், ஏனையோரைப் போலவே உழைத்து வாழ்வார். கடத்தியர் இருவர் மணந்தால் ஒவ்வொரு பேற்றிலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கடத்தியாகும் வாய்ப்பு நான்கில் இரண்டு. இரண்டுமின்றிப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதற்பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு அச்சமில்லை என எண்ணுவது தவறு. இக்கணக்கு ஒவ்வொரு பேற்றிலும் புதிதாகத் தொடங்குகிறது.

இக்கணக்கில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, பிள்ளைக்கு நோய் வந்தால் வீட்டிற்கு வந்த மருமகளையே பழிக்கும் வழக்கம் அறிவிற்குப் பொருந்தாதது. நோய் வர இரு பக்கத்து மரபணுவும் வேண்டும். தாய்க்கு எவ்வளவு பங்கோ தந்தைக்கும் அவ்வளவே பங்கு. இதனை அறியாமல் கண்ணீர் வடித்த தாய்மார் எத்தனையோ பேர். இனியேனும் அப்பழி நீங்க வேண்டும்.

இரண்டாவது, உறவுமுறைத் திருமணம் பற்றியது. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் ஆகியோரை மணப்பது தமிழகத்தில் நெடுநாளைய வழக்கம். நம் முஸ்லிம் குடும்பங்களில் அக்காள் மகளை மணத்தல் விலக்கப்பட்டது. பெரியப்பா, சிற்றப்பா மக்களை மணப்பது கூடும். ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வந்த இருவரிடத்தில் ஒரே மாற்றம் இருக்கும் வாய்ப்பு அயலாரிடையே உள்ளதைவிட மிகுதி. எனவே உறவில் மணம் பேசுவோர் குருதிச் சோதனையையும் உடன் செய்துகொள்வது நலம். உறவை வெறுக்க வேண்டியதில்லை. அறியாமையை வெறுத்தால் போதும்.

சவூதி அரேபியாவில் அரிவாள் அணுநோய்க்கும் தலசீமியா எனும் மற்றொரு குருதி நோய்க்கும் மணமக்களைச் சோதிப்பது 2004 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சோதனை முடிவு மணத்தைத் தடை செய்வதில்லை. இருவருக்கும் உண்மையை உரைத்து, முடிவை அவர்களிடமே விடுகிறது. நிக்காஹ் பேசும் நம் பெரியோர்க்கு இது ஏற்றதொரு முன்மாதிரி.

மருத்துவமும் அரசின் பணியும்

இந்நோய்க்கு மருந்தில்லை என்று கைவிட்ட காலம் மலையேறிவிட்டது. ஹைட்ராக்சியூரியா என்னும் மாத்திரை, குழந்தைப் பருவத்து ஹீமோகுளோபினை மீண்டும் ஓரளவு சுரக்கச் செய்கிறது. அதனால் அணுக்கள் விறைப்பது குறைந்து வலியும் குறைகிறது. இதனை மருத்துவர் மேற்பார்வையில் குருதிச் சோதனையோடு உண்ண வேண்டும். போலிக் அமிலம், உரிய தடுப்பூசி, காய்ச்சல் கண்டவுடன் சிகிச்சை ஆகியவை உயிர் காப்பன. பொருத்தமான உடன்பிறப்பு இருப்பின் எலும்பு மச்சை மாற்றமும் செய்யலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அச்சிகிச்சையை 1986ஆம் ஆண்டிலேயே தொடங்கிய நிறுவனமாகும். மரபணுவையே திருத்தும் சிகிச்சைக்கு 2023ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அதன் விலை அமெரிக்காவில் 20 இலட்சம் டாலருக்கும் மேல். எனவே ஏழை எளியோர்க்கு மாத்திரையும் முன்னறிவுமே இன்றைய துணை.

நீலகிரியின் கூடலூரிலுள்ள ஆதிவாசி மருத்துவமனை, மலைவாழ் மக்களிடையே இந்நோயாளரைக் கண்டறிந்து தொடர்ந்து பேணிவருகிறது. நடுவணரசு 2023 ஜூலை 1 அன்று தேசிய அரிவாள் அணுச் சோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. 40 அகவைக்கு உட்பட்ட 7 கோடி மக்களைச் சோதித்து, 2047ஆம் ஆண்டிற்குள் இந்நோயை அகற்றுவது அதன் நோக்கம். அது செயற்படும் 17 மாநிலங்களுள் தமிழ்நாடும் கருநாடகமும் அடங்கும். சோதிக்கப்பட்டோர்க்கு அவர்தம் நிலையைக் குறிக்கும் அட்டை வழங்கப்படுகிறது.

நம் பகுதியார் செய்யத்தக்கன

நாட்றாம்பாளையத்தைச் சூழ்ந்த மலைகளில் இருளர் குடியிருப்புகள் உள்ளன. காட்டிற்கு அப்பால் கருநாடகத்தில் சோலிகர் வாழ்கின்றனர். நம் இளைஞரோ ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும், கிரானைட் குவாரிகளுக்கும், பெங்களூருக்கும் பிழைப்புத் தேடிச் செல்கின்றனர். இந்நிலையில் கீழ்க்காண்பவற்றை நாம் மேற்கொள்ளலாம்.

முதலாவது, சோதனை. சில துளிக் குருதி போதும். முதற்சோதனையில் கலங்கல் தோன்றினால் அடுத்த சோதனை கடத்தியா, நோயாளரா என்பதைத் தெளிவாக்கும். தலசீமியாக் கூறும் அதில் புலப்படும். திருமணத்திற்கு முன்னரோ, கருவுற்ற தொடக்கத்திலோ இதனைச் செய்துகொள்ளுதல் வேண்டும்.

இரண்டாவது, நீர். உடலில் நீர் குறைவது, கடுங்குளிர், காய்ச்சல், அளவிற்கு மீறிய உழைப்பு ஆகியவை அணுக்களை அரிவாளாக்குவன. நோயுள்ள இளைஞன் வெப்பம் மிகுந்த பட்டறையிலோ கல்லுடைக்கும் வெயிலிலோ நீரின்றி நிற்பது உயிர்க்கே கேடாகலாம். அவனுக்கு வேண்டுவது இரக்கமன்று. குடிநீரும், நிழலும், ஏற்ற பணியுமே.

மூன்றாவது, நம்பிக்கை. வெளியே காயம் தெரியாததால், வலியால் துடிக்கும் மாணவனைச் சோம்பேறி என்றும் நடிக்கிறான் என்றும் கூறுவோர் உளர். ஆசிரியர்களாகிய நாம் அவ்வாறு கூறலாகாது. அவனுடைய குருதிக் குழாயில் நடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. அவன் சொல்லே அங்குச் சான்று.

நான்காவது, மறைபொருள் காத்தல். ஒருவரின் அட்டையை ஊர்ப்பேச்சாக்குவது அறமன்று. கடத்தி என்பதற்காக ஒரு பெண்ணை ஒதுக்குவது மடமை. ஒருவர் மட்டும் கடத்தியாக இருப்பின், மற்றவருக்குத் தலசீமியா போன்ற வேறு கூறும் இல்லையெனில், பிள்ளைக்கு இந்நோய் வருவதில்லை. இருவருக்கும் கூறு இருப்பினும் மருத்துவரின் அறிவுரை பெற்று முடிவு செய்ய வழிகள் உண்டு. ஜமாஅத்துப் பெரியோர், ஊர்க்கவுண்டர், ஆலய நிருவாகிகள், பள்ளித் தலைமையாசிரியர் ஆகியோர் ஒருங்கே கூறினால் மக்கள் அச்சமின்றிச் சோதனைக்கு வருவர்.

முடிவுரை

சென்னையில் ஒரு தோலிழையின் முறுக்கை ஆராய்ந்தவர்கள் பெரும் பொருளைத் தேடிப் புறப்படவில்லை. உருவம் எவ்வாறு அமைந்துள்ளது என்று அறியவே விரும்பினர். அவ்வறிவு வளர்ந்து, உலகின் பல பகுதிகளிலும் நடந்த ஆய்வுகளோடு கூடி, இன்று நோயின் வேர்வரை நமக்குக் காட்டுகிறது. வரிசை உருவத்தை ஆக்குகிறது. உருவம் தொழிலை ஆக்குகிறது. தொழில் கெட்டால் செல் கெடுகிறது. செல் கெட்டால் உடல் நோகிறது. இத்தொடரின் முதற்கண்ணியை எழுதியவர் நாமல்லேம்; எனவே அதற்காக எவரும் நாணவும் வேண்டா, எவரையும் பழிக்கவும் வேண்டா. ஆயின் அதனைப் படித்தறியும் கடமை நமக்கு உண்டு. எழுத்துப் பிழையைக் கண்டால் திருத்திப் படிப்பது தமிழ் மாணவர்க்குப் பழக்கம். அப்பழக்கத்தை நம் ஊரின் நலத்திற்கும் பயன்படுத்துவோமாக. மணம் பேசும் வீடுகளில் ஒரு துளிக் குருதியைச் சோதிக்கச் சொல்லும் துணிவு இம்மலரைப் படிக்கும் மாணவருள் சிலர்க்கேனும் வாய்க்குமாயின் அதுவே இக்கட்டுரையின் பயனாகும்.